ஸ்பிரிங்கைக் கடைசியாகப் பாருங்கள்: பழைய ஏர்கன்னின் பழுது நீக்கும் வழிமுறை

ஆனி பிறந்துவிட்டால் பவானி சாலையில் உள்ள என் லேத் பட்டறைக்கு ஏர்கன்கள் வரத் தொடங்கிவிடும். ஆடியில் நடக்கும் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாவில் பலூன் சுடும் கடை போடுகிறவர்கள், ஓராண்டு முழுக்க ஊர் ஊராகச் சுற்றித் தேய்ந்த துப்பாக்கிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவார்கள். அவற்றுக்கு நடுவே, தோட்டத்துச் சாளையின் பரணில் முப்பது நாற்பது ஆண்டுகளாகக் கிடந்த டயானா 27, பி.எஸ்.ஏ. மீட்டியோர் போன்ற பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளும் வரும். கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலோர் ஒன்றையே சொல்வார்கள்: "அண்ணா, ஸ்பிரிங் போயிருச்சுங்க, புதுசு போட்டுக் குடுத்துருங்க." பிரித்துப் பார்த்தால் ஸ்பிரிங் நன்றாகவே இருக்கும், ஸ்பிரிங்கின் விசையில் காற்றை அழுத்தும் பிஸ்டனின் தலையில் காய்ந்துபோன தோல் வாஷரோ, நசுங்கிய ரப்பர் வளையமோ, தளர்ந்த திருகோதான் காரணமாக இருக்கும். ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலிலும், ஸ்பிரிங்கையும் சிலிண்டரையும் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்றாமல் பார்த்தால், பத்தில் எட்டுத் துப்பாக்கிகளைப் பிரிக்காமலேயே சரிசெய்துவிடலாம் என்பது என் அனுபவம்.

கையில் எடுப்பதற்கு முன்

முதலில் குழலின் துளையைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, துளை .177 அங்குலத்துக்கும் (4.5 மி.மீ.) குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. 5 மி.மீ. டிரில் பிட்டின் வால்பகுதியைக் குழலின் முன்வாயில் வைத்துப் பாருங்கள். அது உள்ளே இறங்கினால், உங்கள் கையில் இருப்பது .22 துளை கொண்டது. எஸ்டேட் பங்களாக்களிலிருந்து வரும் பழைய துப்பாக்கிகளில் இவை உண்டு. உரிமம் தேவைப்படும் ஆயுதத்தைப் பழுது பார்ப்பதற்கும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். எனவே அதில் ஒரு திருகைக்கூடத் தொடாமல், உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். தோட்டத்துக்கு வரும் மயிலையும் கிளியையும் விரட்டுவதற்காகச் சரிசெய்து கொடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைச் சுடுவது குற்றம். அந்த நோக்கத்தோடு வரும் துப்பாக்கியை நான் வாங்குவதில்லை.

அடுத்தது கைக்காவல். குழலை மடக்கிக் காக் செய்த (உள்ளே ஸ்பிரிங்கை அழுத்தி டிரிகரின் கொக்கியில் மாட்டிய) நிலையில், மடங்கிய குழலை ஒரு கையால் இறுகப் பிடிக்காமல் குண்டு வைக்கவே கூடாது. கொக்கி நழுவினால் குழல் கண்ணிமைக்கும் நேரத்தில் மேலே பாயும். விரல் நடுவில் இருந்தால் எலும்பு நொறுங்கும். சோதனைக்குச் சுடும்போது மணல் மூட்டையையோ, பழந்துணியை நெருக்கி அடைத்த மரப்பெட்டியையோ முன்னே வைத்துச் சுடுங்கள். குண்டு இல்லாமல் வெறுமனே சுட்டுப் பார்ப்பது பிஸ்டனை நேராகச் சிலிண்டரின் முகப்பில் மோதவிடும். குண்டின் தடையால் உண்டாகும் காற்று மெத்தை இல்லாதபோது வாஷரும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே அடிவாங்கும்.

அறிகுறி 1: குண்டு பலமில்லாமல் போகிறது

பட்டறைக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான்.

குண்டை மாற்றிப் பாருங்கள். குண்டு பின்வாயில் பெருவிரலின் அழுத்தத்துக்குச் சற்று எதிர்த்து நின்று இறங்க வேண்டும். தானாக உள்ளே விழுந்தால் காற்று அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பலூன் கடைகளில், சுட்ட குண்டைப் பலகையடியில் பொறுக்கி மறுபடியும் போடுகிற பழக்கம் இருக்கிறது. பாவாடை (பின்புற விளிம்பு) நசுங்கிய அந்தக் குண்டு காற்றையும் பிடிக்காது, நேராகவும் போகாது.

குழலைத் துடையுங்கள். தூண்டில் நரம்பை இரண்டாக மடித்துக் குழலுக்குள் விட்டு, மடிப்பில் சிறு துணியைக் கோத்துப் பின்வாயிலிருந்து முன்வாய்க்கு இழுக்க வேண்டும். முதல் துணி கறுப்பாக வரும். வெளுப்பாக வரும்வரை இழுங்கள். இரும்புக் கம்பியில் துணி சுற்றிக் குத்துவது குழலின் வரிகளைக் கீறிவிடும்.

இவை இரண்டும் போதாவிட்டால், மெல்லிய டிஷ்யூ தாளில் ஒரு பட்டை கிழித்து, குழல் மடங்கும் மூட்டின் மேல் கிடத்தி, குண்டு வைத்துச் சுடுங்கள்.

தாள் பறந்தாலோ படபடத்தாலோ

கசிவு மூட்டில்தான். குழலின் பின்வாயைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள்; பழையவற்றில் அது தோலாகவும், பிறகு வந்தவற்றில் ரப்பராகவும் இருக்கும். வளையம் உலோகத்தின் மட்டத்துக்கு மேல் சற்றே தூக்கி நிற்க வேண்டும். மட்டத்துக்குக் கீழே போயிருந்தால், ஊசியால் மெதுவாகக் கிளப்பி, அடியில் தடித்த காகிதத்தில் வெட்டிய வளையம் ஒன்றை வைத்து மூடிப் பாருங்கள். கடினப்பட்டு விரிசல் கண்டிருந்தால் புது வளையம்தான் போட வேண்டும்; ஈரோட்டிலும் கோவையிலும் ஓ ரிங் விற்கும் கடைகளில் பழையதைக் காட்டி, அதே உள்விட்டமும் தடிமனும் உள்ளதைக் கேட்டு வாங்கலாம். இதற்கு மேல் இந்தக் கிளையில் செலவு இல்லை. 1948இல் வெளிவந்த பி.எஸ்.ஏ. ஏர்ஸ்போர்ட்டர் போன்றவற்றில் குழல் மடங்காது; குண்டு வைப்பதற்குத் திருகுகிற குழாய்மூடி போன்ற ஓர் உருளை இருக்கும். அது கூம்பு வடிவில் தேய்த்துப் பொருத்தப்பட்டது என்பதால், கசிந்தால் எமரித் தாள் கொண்டு தேய்த்துப் பார்க்க வேண்டாம். அது நல்ல கைத்தேர்ச்சி உள்ள ஃபிட்டரின் வேலை.

தாள் அசையாமல் கிடந்தால்

காற்று உள்ளே, பிஸ்டனைத் தாண்டிப் பின்னால் போகிறது. பிரிப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: காலையில் பலமின்றியும் மதியத்தில் நன்றாகவும் சுடுகிறதா? அப்படியானால் யாரோ உள்ளே தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸில் உறையும் பொருள். மார்கழிக் காலையில் சீசாவில் உறைந்து நிற்பது போலவே சிலிண்டருக்குள்ளும் உறைந்து பிஸ்டனைப் பிடிக்கும். வால்பாறையிலிருந்து வந்த ஒரு துப்பாக்கியை ஸ்பிரிங் மாற்றச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பழைய எண்ணெயைக் கழுவி எடுத்ததைத் தவிர நான் அதில் வேறெதுவும் செய்யவில்லை. கழுவுவதற்குப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

எண்ணெயே காணாத துப்பாக்கி என்றால், தோல் வாஷர் காய்ந்திருக்கும். மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலத்தில், நீர் மொள்ளும் தோல் பறியை வெயிலில் காயவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். இதுவும் அதே தோல்தான். துப்பாக்கியைக் காக் செய்யாமல், குழலைச் சிறிது மட்டும் மடக்கி, கட்டையின் (துப்பாக்கியின் மரப்பிடியின்) அடிப்புறம் தரையில் இருக்குமாறு சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். சிலிண்டரின் முகப்பில் தெரியும் சிறு காற்றுத்துளையில், சேணத் தோலுக்குப் பூசும் மாட்டுக்கால் எண்ணெயை நான்கைந்து சொட்டு விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். காக் செய்யாத நிலையில் பிஸ்டன் முகப்பை ஒட்டியே நிற்பதால், எண்ணெய் நேராகத் தோலுக்குப் போய்ச் சேரும். மறுநாள் சுடும்போது முதல் சில வெடிகளில் சிறிது புகை வரும், அதன்பின் நின்றுவிடும். தோல் பிழைக்கக்கூடியதாக இருந்தால், இருபது முப்பது குண்டுகளுக்குள் பலம் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் பிரியுங்கள்.

பிரிக்கும் முறை

இந்த வேலையில் அவசரம் கூடாது. அடைபட்ட ஸ்பிரிங் கைக்குள் வெடித்தால் முகத்துக்குத்தான் வரும் என்பதால், கண்ணாடி அணியாமல் தொடங்க வேண்டாம். குழலில் குண்டில்லை, துப்பாக்கி காக் ஆகவில்லை என்பதை இருமுறை பாருங்கள். கட்டையைப் பிடித்திருக்கும் முன்புறத் திருகுகளையும் டிரிகர் வளையத்தின் திருகையும் கழற்றினால் கட்டை தனியே வந்துவிடும். திருப்புளியின் முனை திருகின் வெட்டுக்குள் முழுதாக உட்காராவிட்டால், அரத்தால் முனையைச் சீவிப் பொருத்திக்கொண்டு பிறகு திருகுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுங்கள்.

சிலிண்டரின் பின்பக்க அடைப்பு சிலவற்றில் மரையால் திருகப்பட்டும், சிலவற்றில் குறுக்கு ஆணிகளால் பிடிக்கப்பட்டும் இருக்கும். எந்த வகையானாலும், அதன் பின்னால் ஸ்பிரிங் அழுத்தத்தோடு காத்திருக்கிறது. கடைசி மரை கழன்ற பிறகும் இரண்டு அங்குலம் வரை அது தள்ளக்கூடும். தச்சர்கள் கதவுச் சட்டத்தை இறுக்கும் நீண்ட கிளாம்பை முன்பின்னாகப் போட்டு, குழலுக்கும் அடைப்புக்கும் மரக்கட்டை அண்டைகொடுத்து இறுக்கிய பிறகே ஆணியைத் தட்டுங்கள். ஆணி லேசாக வந்தால் அழுத்தம் கிளாம்பின் மேல் இருக்கிறது என்று பொருள். அடித்தும் வராவிட்டால் கிளாம்பை இன்னும் கால் சுற்றுத் திருகிப் பாருங்கள், சுத்தியலைப் பெரிதாக்க வேண்டாம். பிறகு கிளாம்பை மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். கிளாம்பு இல்லாமல் நெஞ்சில் அண்டைகொடுத்துக் கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்கிற ஒருவரின் முன்பல் உடைந்ததையும் பார்த்தேன்.

டயானா 27 வகையில் டிரிகருக்குள் கொக்கிக்குப் பதிலாக மூன்று சிறு பால்ரஸ்கள் பிடிக்கும் வேலையைச் செய்கின்றன. கழற்றும்போது அவை உருண்டு ஓடும். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது கெட்டியான கிரீஸில் ஒட்டவைத்தால் விழாமல் நிற்கும்.

பிஸ்டன் கைக்கு வந்ததும், ஸ்பிரிங் இல்லாமலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. வாஷரோடு பிஸ்டனைச் சிலிண்டருக்குள் பாதிவரை விட்டு, முகப்பின் காற்றுத்துளையை விரலால் அடைத்து, பிஸ்டனை ஒரு மரக்குச்சியால் தள்ளிவிடுங்கள். மெத்தையில் அழுத்தியது போல எதிர்த்துத் திரும்பி வந்தால் வாஷர் நன்றாக இருக்கிறது. எதிர்ப்பே இல்லாமல் முகப்பில் போய் முட்டினால் வாஷர் போய்விட்டது.

புது வாஷரைச் செருப்புத் தோலில் வெட்டிப் பயன் இல்லை. நான் ஈரோட்டுத் தோல் கடைகளில், மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தடித்த மாட்டுத்தோலைத் தேடி வாங்குகிறேன். அதை வெந்நீரில் ஊறவைத்து, லேத்தில் கடைந்த சிறு அச்சில் கிண்ணமாக அழுத்தி, இரண்டு நாள் காயவிட்டு, பிஸ்டனில் பூட்டிய பிறகு எமரித் தாளால் தேய்த்துச் சிலிண்டருக்கு அளவாக்க வேண்டும். கட்டைவிரலால் தள்ளினால் இறுக்கமாக, ஆனால் நிற்காமல் நகர வேண்டும், அதுதான் அளவு. பின்பு ஓர் இரவு மாட்டுக்கால் எண்ணெயில் கிடக்கட்டும். சிலிண்டரின் அடியில் இருக்கும் நீண்ட வெட்டின் ஓரங்கள் கத்திபோல இருக்கும். புது வாஷரை அந்த வழியாக விடும்போது அவை ஓரத்தைச் சீவிவிடும். ஓரங்களை மென்மையான அரத்தால் மழுக்கி, வழவழப்பான மூங்கில் குச்சியால் தோலை உள்ளே அழுத்திக்கொண்டே நகர்த்துங்கள். இத்தனை பாடுபட்டு வார்த்த வாஷரைப் பூட்டும் கடைசி நொடியில் கெடுத்துக்கொண்டவர்கள் பலர்.

சிலிண்டரையும் பிஸ்டனையும் டர்பன்டைனில் கழுவலாம்; ஆனால் துளி ஈரமும் இல்லாமல் உலர்த்திய பிறகே பூட்ட வேண்டும்.

ஸ்பிரிங்கை எப்போது குறை சொல்லலாம்?

தட்டையான கண்ணாடியின் மேல் உருட்டுங்கள். நேராக உருளாமல் தத்தினால் வளைந்திருக்கிறது. முனைச் சுருள் ஒடிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒடிவது பெரும்பாலும் அங்கேதான். நீளம் மட்டும் சற்றுக் குறைந்திருப்பது வயதின் இயல்பு, அதற்காக மாற்ற வேண்டாம். மாற்றத்தான் வேண்டும் என்றால், கம்பியின் தடிமன், வெளிவிட்டம், சுருள்களின் எண்ணிக்கை, நீளம் ஆகிய நான்கையும் எழுதி எடுத்துக்கொண்டு, கோவையில் ஸ்பிரிங் சுற்றிக் கொடுக்கும் பட்டறையில் அதே அளவில் கேளுங்கள். இரு முனைகளும் தட்டையாகச் சாணை பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். தடித்த கம்பியில் கேட்டு வாங்குவது பழைய துப்பாக்கிக்குச் செய்யும் துரோகம். கட்டை பிளக்கும், கொக்கி தேயும். குண்டின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டிவிட்டால் சட்டமும் குறுக்கே வரும்.

சிலிண்டரின் உட்சுவரில் விரல்நகம் தட்டுப்படும் அளவுக்கு நீளக்கீறல் இருந்தால், எந்த வாஷரும் நிற்காது. அதைத் தேய்த்துச் சமப்படுத்தும் ஹோனிங் வேலைக்குக் கோவைப் பட்டறை ஒன்றில் கொடுத்துவிடுங்கள். இந்த அறிகுறியில் செலவு கூடிய இடம் இதுதான். பரம்பரைத் துப்பாக்கிக்கு அது தகும், கடைத் துப்பாக்கிக்குத் தகாது.

அறிகுறி 2: மடக்கும்போது கரகரப்பு, சுடும்போது கணீர் என்ற அதிர்வு

மடக்கும்போது மட்டும் கரகரத்தால், குழலையும் பிஸ்டனையும் இணைக்கும் தண்டின் மூட்டில் கிரீஸ் இல்லை. கட்டையைக் கழற்றினாலே அந்த இடம் தெரியும். மாலிப்டினம் கலந்த கருநிறக் கிரீஸைப் பட்டாணி அளவு தடவிப் பாருங்கள். நொறுங்குவது போன்ற ஒலியோடு இடையிடையே தட்டினால் ஸ்பிரிங் ஒடிந்திருக்கும். மேற்கொண்டு மடக்காமல் பிரிக்க வேண்டியதுதான்.

சுட்டதும் தம்பூரா நரம்பைச் சுண்டியது போல ஒலிப்பது, ஸ்பிரிங்குக்கும் அதன் உள்ளே நிற்கும் தண்டுக்கும் இடைவெளி கூடிப்போனதால். ஸ்பிரிங் முழுவதிலும் அதே கிரீஸை மெல்லியதாகப் பூசினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் லேத்தில் நைலான் தண்டு ஒன்றை, ஸ்பிரிங் கையால் தள்ளினால் ஏறும் இறுக்கத்தில் கடைந்து போடலாம். கிரீஸ் வாஷருக்கு முன்னால் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காரணம் நான்காம் அறிகுறியில் இருக்கிறது.

அறிகுறி 3: காக் நிற்கவில்லை, அல்லது தானாக வெடிக்கிறது

இந்த அறிகுறியில் உங்கள் எல்லை மிகவும் குறுகியது. கட்டையைக் கழற்றி, டிரிகர் பகுதியில் உறைந்த பழைய கிரீஸையும் தூசியையும் டர்பன்டைனும் பிரஷும் கொண்டு கழுவுங்கள். கொக்கியைத் தள்ளும் சிறு ஸ்பிரிங் உடைந்தோ நழுவியோ இருக்கிறதா என்று பாருங்கள். டிரிகரில் அளவுத் திருகு இருந்து, யாரோ அதை மெல்லியதாக இழுபடும்படி திருகி வைத்திருந்தால், பழைய இடத்துக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். இணைப்புத் தண்டு வளைந்து, பிஸ்டன் கொக்கி வரை வராமல் போகிறதா என்பதையும் ஒருமுறை கவனியுங்கள்.

இவற்றில் சரியாகாவிட்டால் நிறுத்திவிடுங்கள். கொக்கியின் விளிம்பு தேய்ந்திருக்கும். அதை அரத்தால் கூர்மையாக்க எவருக்கும் ஆசை வரும். அந்த விளிம்பின் கடினம் மேல்தோல் அளவுக்கே ஏற்றப்பட்டது. அரம் அதைச் சீவிவிட்டால், அன்று பிடிக்கும் கொக்கி ஒரு மாதத்தில் குண்டு வைக்கும் குழந்தையின் விரலின் மேல் நழுவும். திருவிழாக் கடையில் அடுத்தடுத்துக் குண்டு போட்டுக் கொடுப்பது பெரும்பாலும் கடைக்காரரின் மகனோ மகளோதான் என்பதால், தேய்ந்த கொக்கியுள்ள துப்பாக்கியை நான் கழற்றிய நிலையிலேயே திருப்பிக் கொடுக்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. புது உறுப்பு கிடைத்தால் மாற்றலாம், அல்லது துப்பாக்கிப் பழுது தெரிந்த, உரிமம் பெற்ற கைவினைஞரிடம் போக வேண்டும்.

அறிகுறி 4: புகையும் பெரும் வெடிச்சத்தமும்

பலம் கூடிவிட்டதென்று மகிழ்ந்துகொண்டு வருவார்கள். உண்மையில் அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்தில் உள்ளே இருக்கும் எண்ணெய் எரிகிறது. தையல் மெஷின் எண்ணெயையோ, பூட்டுக்கு அடிக்கும் ஸ்பிரேயையோ காற்றுத்துளையில் விட்டிருப்பார்கள். ஐந்தாறு குண்டுக்குள் புகை அடங்கினால் விட்டுவிடலாம். இருபது குண்டுக்குப் பிறகும் தொடர்ந்தால் பிரித்து, முகப்பிலும் வாஷரின் கிண்ணத்துக்குள்ளும் தேங்கியிருப்பதைத் துடைத்தெடுங்கள். கருகிப்போன தோல் விரலில் பொடியாக உதிரும். அப்படி உதிர்ந்தால் வாஷரை மாற்றுங்கள். நெடுநாள் இப்படிச் சுட்ட துப்பாக்கியில் ஸ்பிரிங்கும் ஒடிந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அறிகுறி 5: குறி சிதறுகிறது

கட்டைத் திருகுகளை இறுக்குங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியின் உதைப்பில் அவை தாமாகவே தளரும், கடைத் துப்பாக்கியில் நாள்தோறும் பார்க்க வேண்டும். பிறகு குழலைப் பூட்டிய நிலையில் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் மூட்டின் அச்சாணியை, குழல் தன் எடையில் தானே விழாத அளவுக்கு இறுக்க வேண்டும். மேலும் கீழும் ஆடினால் குழலைப் பூட்டும் நாக்கின் பின்னாலுள்ள சிறு ஸ்பிரிங் சோர்ந்திருக்கும், அல்லது அந்தக் குழியில் அழுக்கு சேர்ந்திருக்கும். முன்வாயின் விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரல்நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் இருந்தால் லேத்தில் புதிதாக முகம் எடுக்க (விளிம்பைச் சீராகக் கடைய) வேண்டும்.

சிதறாமல் எல்லாக் குண்டும் ஒரே சீராக மேலே போனால், அது வேறு கதை. யாரோ குழல் மடங்கிய நிலையிலேயே டிரிகரை இழுத்திருக்கிறார்கள். குழல் வேகமாகத் திரும்பி அடித்து, மேல்நோக்கி வளைந்துவிட்டது. குறிமுள்ளை மாற்றி ஈடுகட்ட முயல்வதற்கு முன், கட்டையின் கழுத்துப் பகுதியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், இரண்டும் சேர்ந்தே வரும். விரிசலை எபாக்ஸி ஊற்றி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி, ஒரு நாள் விட்டால் கட்டை பிடித்துக்கொள்ளும். வளைந்த குழலை முழங்காலிலோ மரத்தின் கவட்டையிலோ வைத்து நிமிர்த்த வேண்டாம்; மூட்டிலிருந்து எத்தனை அங்குலத்தில் வளைவு தொடங்குகிறது என்று அளந்து, அந்த இடத்தில் மட்டும் சிறிது சிறிதாக அழுத்தக்கூடிய பிரஸ் உள்ள பட்டறையில் கொடுங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் ஐந்து குண்டு சுட்டுப் பார்த்துத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்பதால், அதற்கு அரை நாள் ஆகும்.